யார் மாற்றியது, ஏன் மாற்றியது

செப்பாங் மாவட்டத்து டெங்கிலில் குடியிருப்பவர்களுக்குச் சைபர்ஜெயாவைப் பக்கத்து நகரம் என்று சொல்வதுகூடச் சரியில்லை. டெங்கில் முக்கிமின் நிலத்தில்தான் அந்த நகரம் எழுந்தது. 1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கியது. 1997 மே மாதம் சைபர்ஜெயா திறந்துவைக்கப்பட்டது. 1999இல் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் வளாகம் அங்கே வந்தது. அதே ஆண்டுகளில் பிராங் பெசார் தோட்டமும் அதை ஒட்டிய தோட்டங்களும் புத்ராஜெயாவுக்காக எடுத்துக்கொள்ளப்பட்டன. தலைமுறைகளாக அங்கே பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தன. நாட்டின் மென்பொருள் துறைக்கென்று கட்டப்பட்ட நகரமும், அந்த வட்டாரத்துத் தோட்டங்களை விட்டு வந்த மக்களும் ஒரே முக்கிமில் இருக்கிறார்கள்.

அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நிரல் எழுதுவது இன்று எட்டாத வேலை அல்ல. கணினியும் பைத்தானும் பள்ளியிலேயே அறிமுகமாகிவிடுகின்றன. என் மனக்குறை வேறு. நிரல் வகுப்புகள் மாறி, சுழற்சி, செயற்கூறு என்று வரிசையாகப் போகின்றன. பதிப்புக் கட்டுப்பாடு வருவது கடைசியில், பல பேருக்கு முதல் வேலையில் சேர்ந்த பிறகு. அப்போதும் ஏழெட்டுக் கட்டளைகளை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகிறது. நிரலின் வரலாற்றை எழுதிவைப்பது நிரல் எழுதுவதோடு சேர்ந்தே பழக வேண்டிய வேலை. அதை முதல் வாரத்திலேயே, தமிழ் எழுத்தைக் கையாளும் நிரலை வைத்து, தமிழிலேயே குறிப்பெழுதிப் பழகலாம் என்பது என் வாதம்.

இறுதியாண்டுத் திட்டப்பணி செய்யும் மாணவரின் மடிக்கணினியில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் பெத்துல்' என்று கோப்புறைகள் கிடப்பது நம் ஊரில் எல்லாரும் கண்ட காட்சி. பழையதை இழந்துவிடக் கூடாது என்ற சரியான உணர்வுதான் அந்தப் பெயர்களை வைக்கிறது. ஆனால் முழுக் கோப்புறையை நகலெடுக்கும்போது அந்த நேரத்து நிலை மட்டுமே காப்பாற்றப்படுகிறது. எந்த வரி மாறியது, குழுவில் யார் மாற்றினார், எதைக் கண்டு மாற்றினார் என்பவை போய்விடுகின்றன. முதல் கேள்விக்கு இரண்டு நகல்களை ஒப்பிட்டுக் கணினி விடை சொல்லிவிடும். இரண்டாவதையும் எப்படியாவது விசாரித்து அறியலாம். மூன்றாவதை மாற்றியவர்தான் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் ஒரு மாதத்தில் அவருக்கே மறந்துபோகும்.

இந்தத் தேவை பழையது. 1972இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் எஸ்சிசிஎஸ் என்ற கருவியை எழுதத் தொடங்கினார். 1980களின் தொடக்கத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் டிச்சி ஆர்சிஎஸ்ஸை உருவாக்கினார். இவற்றில் ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பின்னர் வந்த சிவிஎஸ்ஸும் சப்வெர்ஷனும் ஒரே நேரத்தில் பலர் திருத்த வழிவிட்டன. ஆனால் வரலாறு முழுவதும் ஒரே ஒரு மையக் கணினியில் இருந்தது. அது கிடைக்காவிட்டால் வேலை நின்றது.

இன்று உலகெங்கும் பரவியிருக்கும் கிட் ஒரு பிணக்கிலிருந்து பிறந்தது. 1991இல் லினக்ஸ் கருநிரலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், முதல் பத்தாண்டுகளில் எந்தப் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியையும் ஏற்கவில்லை. திருத்தங்கள் மின்னஞ்சலில் வந்தன. அவர் கையால் சேர்த்தார். 2002இல் பிட்கீப்பர் என்ற வணிகக் கருவிக்கு மாறினார். லினக்ஸ் நிரலாளர்களுக்கு அது சில நிபந்தனைகளோடு இலவசமாகத் தரப்பட்டது. ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற நிரலாளர் அந்தக் கருவி தன் சர்வரோடு பேசும் முறையை வெளியிலிருந்து ஆராய்ந்து, அதோடு ஒத்தியங்கும் இன்னொன்றை எழுத முனைந்தார். நிறுவனம் இலவச உரிமத்தை விலக்கிக்கொண்டது. ஆயிரக்கணக்கானோர் உழைத்த ஒரு நிரலின் வரலாறு ஒரு நிறுவனத்தின் விருப்பத்தில் தொங்கியது. 2005 ஏப்ரல் 3 அன்று டோர்வால்ட்ஸ் சொந்தக் கருவி ஒன்றை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 7 அன்றே கிட் தன் சொந்த மூலநிரலின் வரலாற்றைக் காக்கத் தொடங்கிவிட்டது. ஜூனில் லினக்ஸ் 2.6.12 கிட்டின் துணையோடு வெளிவந்தது. ஜூலையில் பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் போனது; அதன்பின் கிட்டை வளர்த்தெடுத்தவர் அவர்தான்.

பிணக்கு விட்டுச்சென்ற முக்கியமான வடிவமைப்பு ஒன்று உண்டு. கிட்டில் ஒவ்வொருவரின் நகலிலும் முழு வரலாறும் இருக்கிறது. மையக் கணினி வசதிக்காக மட்டுமே. அது மூடப்பட்டாலும் யாருடைய மடிக்கணினியிலிருந்தும் எல்லாவற்றையும் மீட்கலாம்.

இனி ஒரு சிறு வேலை. ஒரு தமிழ்ச் சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும் பைத்தான் நிரலை எழுதுவோம். 'கொடி' என்று கொடுத்தால் 2 என்று வர வேண்டும். புதிய கோப்புறைக்குள் போய் 'கிட் இனிட்' என்று தட்டினால் அங்கே ஒரு மறைவான கோப்புறை உருவாகும். வரலாறு முழுவதும் அதற்குள்தான் சேரும். நிரலை எழுதிய பிறகு 'கிட் ஆட்' என்ற கட்டளை, அடுத்த பதிவில் எது போக வேண்டும் என்று குறித்துவைக்கும். 'கிட் கமிட்' அதைப் பதிவாக்கி, ஒரு குறிப்பு கேட்கும். இரண்டு படி எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள், நல்ல கேள்வி. ஒரு மாலை வேலையில் ஒரு பிழையைத் திருத்தியிருப்போம், போகிறபோக்கில் ஒரு மாறியின் பெயரையும் மாற்றியிருப்போம். இரண்டுக்கும் காரணம் வேறு. முதலில் ஒன்றை மட்டும் குறித்துவைத்துக் கமிட் செய்து, பிறகு மற்றதைத் தனியாகச் செய்யத்தான் அந்த இடைப்படி. ஒரு கமிட்டுக்கு ஒரு காரணம் என்ற பழக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம் நிரலின் முதல் வடிவம் தப்பாகவே விடை சொல்லும். பைத்தானின் 'லென்' செயற்கூறு 'கொடி'க்கு 4 என்று தரும். ஒருங்குறியில் அந்தச் சொல் ககரம், ஒகரக் குறி, டகரம், இகரக் குறி என்று நான்கு குறியீடுகளாக இருக்கிறது. நம் இலக்கணக் கணக்கு அதற்குத் தெரியாது. இந்தத் தவறான வடிவத்தையும் கமிட் செய்யச் சொல்வேன். பிறகு உயிர்க்குறிகளை முந்திய எழுத்தோடு சேர்த்து எண்ணும்படி திருத்த வேண்டும். அடுத்த குறிப்பில் 'திருத்தம்' என்று மட்டும் எழுதினால், மாற்றம் நடந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. அதைக் கிட்டே சொல்லிவிடும். 'உயிர்க்குறியைத் தனி எழுத்தாக எண்ணியதால் கொடிக்கு 4 வந்தது. இனிக் குறி முன்னெழுத்தோடு சேரும்' என்று எழுதினால், ஓராண்டு கழித்து இந்த நிரலைத் திறப்பவர் அந்த வரியைத் தெரியாமல் பழையபடி மாற்றிவிட மாட்டார். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகளின் வரலாற்றுப் பக்கத்தைப் புரட்டியவர்கள் இதே வேறுபாட்டைக் கண்டிருப்பார்கள். தொகுப்புச் சுருக்கம் எழுதப்பட்ட திருத்தங்களை நம்பிக் கடக்கலாம்; காலியாக விடப்பட்டவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

கமிட் என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது பயத்தைப் போக்கும். கிட் ஒவ்வொரு கமிட்டிலும் முழுத் திட்டத்தின் நிலையையும் பதிவு செய்கிறது. மாறாத கோப்புகளை மீண்டும் எழுதாமல் பழையவற்றையே சுட்டுகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் 40 இலக்க அடையாளம் உண்டு. கோப்புகளின் நிலை, எழுதியவர் பெயர், நேரம், குறிப்பு, இதற்கு முந்திய கமிட்டின் அடையாளம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே பழைய கமிட் ஒன்றின் குறிப்பில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் அடையாளம் மாறும், அதைச் சுட்டும் அடுத்ததும் மாறும், இப்படிக் கடைசிவரை. வரலாற்றை யாருக்கும் தெரியாமல் திருத்துவது கடினம் என்பது இதனால்தான். புதியவர்கள் அஞ்சுவது போல ஒரு தப்பான கட்டளையால் எல்லாம் அழிந்துவிடுவதும் அரிது. ஒருமுறை கமிட் செய்துவிட்டால், கிளையிலிருந்து விடுபட்டுப்போன பதிவைக்கூட 'கிட் ரீஃப்லாக்' வழியாக வழக்கமாக 30 நாள் வரையாவது தேடி எடுக்கலாம். உண்மையில் தொலைவது கமிட் செய்யாமல் விட்ட வேலைதான்.

தமிழ் எழுத்தைக் கொண்டு கற்பவருக்கு வேறு நூல்கள் சொல்லாத சில இடர்கள் உண்டு. இவை முதல் நாளே வந்து நிற்கும். காரணம் தெரியாவிட்டால் கிட் தமிழுக்கு ஆகாது என்ற தப்பான முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

கோப்புக்குக் 'கதை' என்று பெயர் வைத்து 'கிட் ஸ்டேட்டஸ்' கொடுத்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் \340\256\225\340\256\244\340\257\210 என்று எண்கள் வரும். எதுவும் கெட்டுப்போகவில்லை. தமிழின் ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. ககரத்துக்கு 340, 256, 225. தகரத்துக்கும் ஐகாரக் குறிக்கும் அடுத்தடுத்த மும்மூன்று எண்கள். ஆங்கில எழுத்தல்லாத பைட்டுகளை இப்படி எட்டடிமான எண்களாகக் காட்டுவது கிட்டின் இயல்பு அமைப்பு. 'கோர்.க்வோட்பாத்' என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' என்று மாற்றிவிட்டால் 'கதை' கதையாகவே தெரியும். கற்றுத்தருபவர் செய்ய வேண்டிய முதல் வேலை இது என்று நினைக்கிறேன்.

அடுத்தது கொஞ்சம் ஆழமானது. நம் நிரலுக்குச் சோதனைச் சொற்களின் பட்டியல் ஒன்றை நண்பர் அனுப்புகிறார். 'கிட் டிஃப்' கொடுத்துப் பார்த்தால், நீக்கப்பட்ட வரியில் 'கொடி', சேர்க்கப்பட்ட வரியிலும் 'கொடி'. கண்ணுக்கு எந்த வேறுபாடும் இல்லை. ஒகரக் குறியை ஒருங்குறியில் இரண்டு வகையாக எழுதலாம்: ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் அதை அடுத்துக் கால் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று தரம் சொல்கிறது. திரையிலும் ஒன்றாகவே தெரியும். ஆனால் முதல் 'கொடி' 12 பைட்டு, இரண்டாவது 15. கிட் பைட்டுகளைத்தான் ஒப்பிடும். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே நிலை. பைத்தானின் 'லென்' இரண்டாவதற்கு 5 என்று சொல்லும். சேமிக்கும் முன் எல்லா உரையையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் தீர்வு. பைத்தானில் 'யுனிகோட்டேட்டா' நூலகத்தின் 'நார்மலைஸ்' அதைச் செய்யும். கோப்புப் பெயர்களிலும் இந்தச் சிக்கல் மேக் கணினிகளில் எழும். அதற்கென்றே கிட்டில் தனி அமைப்பு இருக்கிறது.

இந்த இரட்டை வழிக்குப் பின்னால் நம் சொந்த வரலாறு இருக்கிறது, கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் அதில் பங்குண்டு. 1991இல் வந்த ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, 1988இன் இந்திய இஸ்கி தரத்தை ஒட்டி அமைந்தது. ஆனால் அதற்கு முன்பும் பின்பும் பல ஆண்டுகள் தமிழ்க் கணினி உலகம் எழுத்துருவுக்கு ஒரு குறியீடு என்று சிதறிக் கிடந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு மென்பொருளை வளர்த்துவந்தார். 1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கிய திஸ்கி ஒருபக்கம். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தாம், தாப் குறியீடுகள் இன்னொருபக்கம். திஸ்கியே 1.6, 1.7 என்று பதிப்பு எண்களோடு நகர்ந்தது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோதும் குறியீட்டுச் சிதறல் தீரவில்லை. அந்தக் காலத்துக் கோப்பு ஒன்றைக் கிட்டில் சேர்க்க விரும்புபவருக்கு ஒன்று சொல்வேன். முதலில் திஸ்கியில் உள்ளபடியே கமிட் செய்யுங்கள். அடுத்து ஒருங்குறிக்கு மாற்றி, வேறெதையும் தொடாமல், அதை மட்டும் தனிக் கமிட் ஆக்குங்கள். எழுத்துப்பிழை திருத்துவது அதற்கு அப்புறம். மாற்றமும் திருத்தமும் ஒரே கமிட்டில் கலந்துவிட்டால், பின்னால் ஒரு பிழை தெரியவரும்போது அது மூலத்தில் இருந்ததா, குறியீட்டு மாற்றத்தில் வந்ததா, நம் கையால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கிட் வரி வரியாக ஒப்பிடும். ஒரு பத்தி முழுவதையும் ஒரே வரியாக எழுதினால் ஒரு சொல்லை மாற்றினாலும் பத்தியே மாறியதாகக் காட்டும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதிப் பழகினால் டிஃப் தெளிவாக இருக்கும். 'வேர்ட்-டிஃப்' என்ற வசதியும் உண்டு.

கிளை பிரிப்பதும் இணைப்பதும் கிட்டின் உயிர்நாடி. கிளை என்பது ஒரு கமிட்டின் அடையாளத்தைத் தாங்கிய சிறு குறிப்புதான். பெரிய நகல் எதுவும் எடுக்கப்படுவதில்லை. ஆகவே தயங்காமல் பிரிக்கலாம். இணைக்கும்போதுதான் கிட்டின் திறமை தெரிகிறது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் உழைப்பை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஏடுகள் ஓர் இடத்தில் வேறுபட்டால், எது பழைய பாடம், எது படியெடுத்தவர் கையில் மாறியது என்று அவர் பொருளையும் யாப்பையும் உரையையும் வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் மூலமான ஏடு அவர் கையில் இல்லை. கிட்டின் கையில் அந்தப் பொது மூலம் எப்போதும் இருக்கிறது. இரண்டு கிளைகளும் எந்தக் கமிட்டில் பிரிந்தனவோ அதை எடுத்துவைத்து மூன்றையும் ஒப்பிடுகிறது. மூலத்தில் உள்ள வரி ஒரு கிளையில் அப்படியே இருந்து மறுகிளையில் மாறியிருந்தால், மாறியதை எடுத்துக்கொள்ளும். இரு கிளைகளிலும் அதே வரி வெவ்வேறாக மாறியிருந்தால் மட்டும் நின்று, இரண்டையும் குறியிட்டுக் காட்டி, நம்மிடம் கேட்கும்.

நம் எழுத்தெண்ணியில் அப்படி ஒரு மோதல் எளிதில் வரும். ஒருவர் 'க்ஷ' ஓரெழுத்து என்று நிரலை மாற்றுகிறார். இன்னொருவர் தன் கிளையில் அதே வரியை, ககர மெய்யும் ஷகரமும் சேர்ந்த இரண்டெழுத்து என்று மாற்றுகிறார். இணைக்கும்போது கோப்பில் ஏழு அம்புக்குறிகளுக்குக் கீழே ஒருவர் வரியும், கோடுகளுக்குக் கீழே மற்றவர் வரியும் வந்து நிற்கும். புதியவர்கள் இதைப் பிழைச்செய்தி என்று எண்ணிப் பதறுகிறார்கள். இது கணினி தீர்க்கக் கூடாத கேள்வி. கிட் அதைத் தீர்க்க மறுப்பதுதான் அதன் நேர்மை. இருவரும் பேசி ஒன்றைத் தேர்ந்து, குறிகளை நீக்கி, ஏன் அதைத் தேர்ந்தோம் என்று குறிப்பெழுதிக் கமிட் செய்ய வேண்டும். அந்தக் குறிப்பு அந்த நிரலின் இலக்கண முடிவு.

வேலையைப் பகிர 2008இல் வந்த கிட்ஹப் போன்ற தளங்கள் உண்டு. 2018இல் மைக்ரோசாஃப்ட் அதை 7.5 பில்லியன் டாலருக்கு வாங்கியது. ஆனால் கற்க இணையம் கட்டாயமில்லை. கமிட், கிளை, இணைப்பு எல்லாம் சொந்தக் கணினியிலேயே நடக்கும். ஒரு பெண்டிரைவில் வெற்றுக் களஞ்சியம் ஒன்றை அமைத்தால் அதையே பொது இடமாக்கி 'கிட் புஷ்', 'கிட் புல்' செய்யலாம். வீட்டில் நல்ல இணையம் இல்லாத இரண்டு மாணவர்கள் ஒரே தாமானில் இருந்தபடி இப்படி வாரக்கணக்கில் சேர்ந்து வேலை செய்ய முடியும்.

பொதுத் தளத்தில் ஏற்றுமுன் ஓர் எச்சரிக்கை. கடவுச்சொல் உள்ள கோப்பையோ, தாமான் சங்க உறுப்பினர்களின் ஐசி எண் பட்டியலையோ ஒருமுறை கமிட் செய்து புஷ் செய்துவிட்டால், அடுத்த கமிட்டில் அந்தக் கோப்பை நீக்குவதால் பயனில்லை. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும், யாரும் திரும்பிப் போய்ப் படிக்கலாம். வரலாற்றை முழுமையாகக் காப்பது கிட்டின் பலம். இங்கே அதுவே ஆபத்து. எந்தக் கோப்புகளைக் கிட் தொடக் கூடாது என்று 'கிட்இக்னோர்' கோப்பில் முதல் கமிட்டுக்கு முன்பே எழுதிவிட வேண்டும். தவறி ஏறிவிட்டால் கடவுச்சொல்லை உடனே மாற்ற வேண்டும். ஐசி எண்ணை மாற்ற முடியாது.

குறிப்பை எந்த மொழியில் எழுதுவது? சைபர்ஜெயா அலுவலகத்தில் குழு பல இனத்தவரானது. அங்கே ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும், அது சரியும்கூட. கற்கும் காலத்தில் தமிழில் எழுதலாம் என்கிறேன். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் மாணவர் 'அப்டேட்', 'ஃபிக்ஸ்' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார். அதே மாணவரைத் தமிழில் கேட்டால், எதைக் கண்டார், எதை முயன்றார், எது பலிக்கவில்லை என்று விரிவாகச் சொல்கிறார். காரணத்தை முழுமையாகச் சொல்லும் பழக்கம் முதலில் வரட்டும், மொழி மாற்றிக்கொள்ளலாம். முதல் வரி 50 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வழக்கத்தைத் தமிழில் கண்டிப்பாகப் பிடிக்கத் தேவையில்லை; அது ஆங்கில வரியின் அகலத்தை வைத்து வந்த அளவு. எழுதியவர் பெயரையும் தமிழிலேயே அமைக்கலாம், கிட் ஏற்கும்.

இவ்வளவும் பழகியவர் அடுத்துச் செய்ய வேண்டியது பிறர் வரலாற்றைப் படிப்பது. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம், நாம் எழுதிப் பார்த்த எழுத்தெண்ணும் வேலையை முறையாகச் செய்கிறது. அதன் மூலநிரல் கிட்ஹப்பில் திறந்தே இருக்கிறது. 'கிட் க்ளோன்' செய்தால் நிரலோடு அதன் வரலாறும் நம் கணினிக்கு வந்துவிடும். 'கிட் லாக்' கொடுத்து முதலிலிருந்து பார்க்கலாம். தமிழ்ச் சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் செயற்கூற்றைத் தேடி, அந்தக் கோப்பின்மேல் 'கிட் பிளேம்' கொடுத்தால், ஒவ்வொரு வரியின் அருகிலும் அதைக் கடைசியாகத் தொட்டவரின் பெயரும் நாளும் கமிட்டின் அடையாளமும் வரும். அந்த அடையாளத்தை எடுத்து 'கிட் ஷோ' கொடுத்தால் அதற்கு எழுதிய குறிப்பு திறக்கும். குறிப்பு போதாது என்று தோன்றினால், எந்தச் சொல்லுக்கு என்ன விடை வருகிறது என்ற சோதனையோடு அந்தத் திட்டத்தின் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதலாம்.